ரேடியேட்டர் ஒழுகுதா? செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவங்க உஷார்! 'தண்ணி ஊத்திக்கிட்டே' ஓட்டினா என்ஜின் காலி

சென்னை:-

வெயில் சதம் அடிக்க ஆரம்பித்து விட்டால் போதும். தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டு போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் கார்களைப் பார்க்கலாம். முன்பக்கம் குபுகுபு என்று ஆவி. கையில் வாட்டர் பாட்டிலுடன் டிரைவர். மரத்தடியில் குழந்தை குட்டிகளுடன் குடும்பம்.

இப்படி நடுரோட்டில் மானத்தை வாங்குவது பெரும்பாலும் பழைய கார்கள்தான். மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ, இண்டிகா என்று நடுத்தர குடும்பங்கள் சேமிப்பைப் போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிகள். மாருதி 800 தயாரிப்பு 2014-ம் ஆண்டிலேயே நின்று விட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ கார் உருவாக ஆரம்பித்தது 1998-ல். அந்தக் காலத்து வண்டிகளில் ரேடியேட்டரும் ரப்பர் ஹோசும் களைத்துப் போயிருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் சில நூறு ரூபாய் ஹோஸ், கிளிப்போடு முடிய வேண்டிய வேலை, கவனிக்காமல் விட்டால் என்ஜினையே பிரிக்கும் அளவுக்குப் போய் பல ஆயிரங்களை விழுங்கி விடும். அதை எப்படித் தடுப்பது? முழு விவரம் வருமாறு:-

சூடு எங்கே போகிறது?

என்ஜினுக்குள் பெட்ரோலோ டீசலோ எரியும்போது பயங்கர சூடு கிளம்புகிறது. அந்த சூட்டை கூலன்ட் கலந்த தண்ணீர் வாங்கிக் கொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே மெல்லிய குழாய்கள் வழியாக ஓடும்போது காற்று பட்டு ஆறி, மறுபடியும் என்ஜினுக்குத் திரும்புகிறது. இந்த தண்ணீரைச் சுற்ற வைப்பது வாட்டர் பம்ப். சூடு ஏறும் வரை வழியை அடைத்து வைத்திருந்து, பிறகு திறந்து விடுவது தெர்மோஸ்டாட் வால்வு. பல கார்களில் இது 82 முதல் 88 டிகிரி செல்சியசில் திறக்க ஆரம்பிக்கும்.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும். சிக்னலில் நிற்கும்போது காற்று கிடைக்காது. அப்போது ரேடியேட்டர் பேன் சுற்ற வேண்டும்.

மூடியில் இருக்குது சூட்சுமம்

ரேடியேட்டர் மூடியை பலர் வெறும் மூடி என்று நினைக்கிறார்கள். அது பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி. அதன் மேலே 0.9 அல்லது 1.1 என்று எண் அச்சடித்திருக்கும். உள்ளே எவ்வளவு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் என்பதன் அளவு அது.

சாதாரண தண்ணீர் சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 மூடி சரியாக இருந்தால், அதே தண்ணீர் உள்ளே சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே போகும்.

மூடியில் உள்ள ரப்பர் வாஷர் வெடித்து விட்டால் இந்த அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரமே கொதித்து ரிசர்வ் டேங்க் வழியாக வெளியே பாயும். மலைப்பாதையில் நிலைமை இன்னும் மோசம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்து விடும். மூடி வீணாகிப்போன காரை அங்கே ஏற்றினால் கேட்கவே வேண்டாம்.

எனவே பழைய கார் வாங்கினால் முதல் வேலையாக அதே எண் உள்ள புது மூடி ஒன்றை வாங்கிப் போடுங்கள். செலவும் அதிகம் ஆகாது.

ஒழுகல் எங்கே? நியூஸ் பேப்பர் டெஸ்ட்!

ராத்திரி காரை நிறுத்தும்போது என்ஜினுக்குக் கீழே பழைய நியூஸ் பேப்பர் அல்லது அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பார்த்தால் சங்கதி வெளியே வந்து விடும்.

நிறம் இல்லாத சுத்தமான தண்ணீர், அதுவும் ஏ.சி. போட்டு ஓட்டிய பிறகு மட்டும் சொட்டினால் பயப்பட வேண்டாம். அது ஏ.சி. தண்ணீர். பச்சை, ரோஸ் அல்லது ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுப்பாக இருந்தால் கூலன்ட். கருப்பாக, வழவழப்பாக இருந்தால் ஆயில்.

வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய கார்களில் நிறம் தெரியாது. அதற்கு பதில் துருத் தண்ணீர் காய்ந்த பழுப்பு கறையோ, உப்பு பூத்த மாதிரி வெள்ளைத் திட்டோ தெரியும். அதுதான் ஒழுகல் இருக்கும் இடம்.

வழக்கமாக ஒழுகும் இடங்கள் இவை:-

* மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டும் மாட்டியிருக்கும் கிளிப் பக்கம். ஹோசை அமுக்கிப் பாருங்கள். களிமண் மாதிரி குழைந்தாலும், மொறுமொறு என்று வெடிப்பு விட்டிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

* ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினிய கோரும் சேரும் விளிம்பு. வயதான பிளாஸ்டிக் முறுகி, முடி அளவு விரிசல் விட்டிருக்கும்.

* வாட்டர் பம்ப். அதன் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாக தண்ணீர் கசிந்து எச்சரிக்கும். அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைப்பது மகா தவறு. பம்பை மாற்ற வேண்டும்.

* ஹீட்டர் காயில். டேஷ்போர்டுக்கு உள்ளே இருப்பது. இது ஒழுகினால் கால் வைக்கும் இடத்தில் மேட் ஈரமாகும். காருக்குள் இனிப்பு வாசனை அடிக்கும். கண்ணாடியில் பிசுபிசுப்பாக படலம் படியும்.

வெளியே ஒரு சொட்டு கூட ஒழுகாமல் தண்ணீர் மட்டும் குறைகிறதா? அதுதான் ஆபத்து. அதைப் பிறகு பார்ப்போம்.

எப்போ சூடாகுது? அதை வைத்தே நோயைப் பிடிக்கலாம்

"சார், வண்டி ஹீட் ஆகுது" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் நாலு பொருளை மாற்றச் சொல்வார். எப்போது ஹீட் ஆகிறது என்று கவனித்துச் சொன்னால் பாதி செலவு மிச்சம்.

சிக்னலிலும் டிராபிக்கிலும் முள் ஏறி, ரோட்டில் ஓட ஆரம்பித்ததும் இறங்கினால், பேன் மேல் சந்தேகப்படுங்கள். பியூஸ், ரிலே, சென்சார், பேன் மோட்டார் இவற்றில் ஒன்று போயிருக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் சேறு, பூச்சி, குப்பை அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். பல கார்களில் ஏ.சி. போட்டதும் முன்பக்க பேன் சுற்ற வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்து இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆனால் பேன் பக்கம் கையை மட்டும் கொண்டு போகாதீர்கள். என்ஜினை அணைத்த பிறகும் திடீர் என்று சுற்றும்.

டிராபிக்கில் சும்மா இருந்துவிட்டு, நெடுஞ்சாலையில் 80, 100 என்று போகும்போதும் மேடு ஏறும்போதும் சூடானால், ரேடியேட்டருக்குள் அடைப்பு இருக்கிறது. அல்லது தண்ணீர் குறைவு, வாட்டர் பம்ப் பிளேடு தேய்மானம், கீழ் ஹோஸ் உள்பக்கமாக ஒட்டிக் கொள்வது காரணமாக இருக்கலாம்.

ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே முள் சிவப்புக்கு ஓடினால், தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம். என்ஜின் சூடாகியும் மேல் ஹோஸ் மட்டும் சூடேறாமல் இருப்பது இதற்கு அடையாளம்.

சில கார்களில் முள்ளே கிடையாது. நீல விளக்கு எரிந்தால் என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம். சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். 'அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய் விடலாம்' என்று ஓட்டினால் போச்சு.

போர் தண்ணீர் வில்லன்

சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. குளிக்கும் ஹீட்டருக்குள் வெள்ளையாக படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தண்ணீரை காரில் ஊற்றினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்க்குள்ளும் அப்படியே படியும். குழாய் அடைபடும். அலுமினியம் அரிக்கும். ஒரு பக்கம் அடைப்பு, மறுபக்கம் ஓட்டை.

வழி இதுதான். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. நம்ம ஊரில் பனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். கொதிநிலையை உயர்த்துவதும், துரு பிடிக்காமல் காப்பதும் நமக்கு முக்கியம்.

கலக்காமல் அப்படியே ஊற்றும் ரெடிமேட் கூலன்டும் கடைகளில் கிடைக்கிறது. அதில் மறுபடியும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. டப்பாவில் எழுதியிருப்பதை படித்து விட்டு ஊற்றுங்கள். இரண்டு நிற கூலன்டை கலப்பதும் வேண்டாம். கெட்டியாகி அடைத்துக் கொள்ளும் வாய்ப்பு உண்டு.

மஞ்சள் தூள் வைத்தியம் பலிக்குமா?

ரேடியேட்டரில் ஓட்டை என்றால் மஞ்சள் தூளை கொட்டு, சோப்பை தேய் என்பது லாரி டிரைவர்கள் காலத்து வைத்தியம். சின்ன கசிவாக இருந்தால் தூள் போய் அடைத்து கொஞ்ச நேரம் நிற்கும், பொய் இல்லை. நடுக்காட்டில் மாட்டிக் கொண்டால் பக்கத்து ஊர் போய்ச் சேர உதவலாம். அவ்வளவுதான்.

ஆனால் அந்த தூளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. ரேடியேட்டர், ஹீட்டர் காயில் குழாய்களையும் சேர்த்து அடைக்கும். கடையில் விற்கும் லீக் அடைக்கும் பவுடர்களுக்கும் இதே கதிதான்.

அதேபோல 'தெர்மோஸ்டாட்டை கழட்டி வீசிடலாம் சார், ஹீட்டே ஆகாது' என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. வேண்டாம். என்ஜின் சரியான சூட்டுக்கே வராது. மைலேஜ் குறையும். பிஸ்டன், ரிங் சீக்கிரம் தேயும். உண்மையான நோயும் மறைந்து போகும். பேனுக்கு 'டைரக்ட் கனெக்ஷன்' கொடுப்பதும் இதே ரகம்தான். சென்சாரோ ரிலேயோ போயிருந்தால் அதை மாற்றுவதே சரி.

பற்று வைக்கலாமா? புதுசு போடலாமா?

அந்தக் காலத்து அம்பாசிடர் மாதிரி வண்டிகளில் செம்பு, பித்தளை ரேடியேட்டர். ஓட்டை விழுந்தால் பட்டறையில் ஈயப் பற்று வைத்து அடைத்து விடலாம். அடைப்பு எடுக்கவும் முடியும்.

இப்போது ஓடும் கார்களில் பெரும்பாலும் அலுமினிய கோர், பிளாஸ்டிக் டேங்க். இதில் ஈயப் பற்று ஒட்டாது. பசை போட்டு அடைத்தாலும் சூட்டிலும் அழுத்தத்திலும் பிய்த்துக் கொள்ளும். முழுசாக மாற்றுவதே நல்லது.

புதுப்பேட்டையில் பழைய ரேடியேட்டர் மலிவாக கிடைக்கும். ஜி.பி. ரோடு கடைகளில் புதுசு கிடைக்கும். பழையது வாங்குவதாக இருந்தால் காற்று அடித்து, தண்ணீர் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று கண் முன்னால் பார்த்து விட்டு காசு கொடுங்கள். ரேடியேட்டரை மாற்றும்போது இரண்டு ஹோஸ், கிளிப், மூடி ஆகியவற்றையும் சேர்த்து மாற்றி விட்டால் மறுபடியும் பட்டறை ஏற வேண்டியது இல்லை.

கூலன்ட் மாற்றுவது எப்படி?

பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். என்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். காலையில் செய்வது உத்தமம்.

1. மூடியைத் திறந்து விட்டு, ரேடியேட்டருக்கு அடியில் உள்ள டிரெயின் பிளக்கை திறந்து, பழைய தண்ணீரை ஒரு டப்பில் பிடியுங்கள்.

2. சுத்தமான தண்ணீர் ஊற்றி, சில நிமிடம் என்ஜினை ஓட்டி, ஆற விட்டு மறுபடியும் வடியுங்கள். தெளிவாக வரும் வரை இப்படி செய்யுங்கள். கடைசி முறை டிஸ்டில்டு வாட்டர்.

3. பிளக்கை மூடி, கலந்து வைத்த கூலன்டை மெதுவாக ஊற்றுங்கள். சின்ன கார்களுக்கு சுமார் 3 முதல் 5 லிட்டர் பிடிக்கும். சரியான அளவு மேனுவலில் இருக்கும்.

4. மூடியை திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுசாக வையுங்கள். உள்ளே மாட்டிய காற்று குமிழியாக வெளியே வரும். லெவல் இறங்க இறங்க ஊற்றுங்கள். மேல் ஹோஸ் சூடாகி, பேன் ஒருமுறை சுற்றி நிற்கும் வரை பொறுங்கள். தண்ணீர் பொங்கி வந்தால் என்ஜினை அணைத்து விட்டு தள்ளி நில்லுங்கள்.

5. மூடியைப் போட்டு, ரிசர்வ் டேங்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஊற்றுங்கள். மறுநாள் காலை மீண்டும் லெவல் பாருங்கள்.

காற்று வெளியேறாமல் விட்டால் புது ரேடியேட்டர் போட்டும் வண்டி சூடாகும். 'புதுசு போட்டும் சரியாகலையே' என்று புலம்புவதற்கு பல நேரம் இதுதான் காரணம்.

முக்கியமான விஷயம். கூலன்ட் விஷம். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கி விடும். குழந்தைகளும் வாயில் வைக்கலாம். கீழே சிந்தியதை உடனே துடையுங்கள். வடித்ததை தெருவில் கொட்டாதீர்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்து வைக்கவே கூடாது.

நடுரோட்டில் கொதித்தால்...

முள் சிவப்பை நெருங்கினால் முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்கி, ஹீட்டரை முழுசாக வையுங்கள். வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை. என்ஜின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் இறங்கும். இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டி, என்ஜினை அணையுங்கள். நாலு விளக்கும் எரியட்டும். குடும்பத்தை ரோட்டை விட்டு தள்ளி நிற்க வையுங்கள்.

ஆவி அடங்கிய பிறகு பானெட்டை திறங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். திறந்தால் 100 டிகிரிக்கு மேல் உள்ள தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். துணி போட்டுத் திறந்தாலும் அதே கதிதான். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் அதற்கும் மேல் காத்திருங்கள்.

கொதிக்கும் என்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய மாதிரி பிளாக்கோ ஹெட்டோ வெடிக்கலாம்.

கொதிநீர் பட்டு விட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி விட்டு ஆஸ்பத்திரிக்கு போங்கள். பேஸ்ட், இங்க் எதுவும் தடவ வேண்டாம். ஆம்புலன்சுக்கு 108. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்று விட்டால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

ஹெட் கேஸ்கட் போனால் அம்பேல்

ஒழுகல் தெரியாமல் தண்ணீர் குறைகிறது என்று மேலே சொன்னோமே, அதற்கு வருவோம். என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள கேஸ்கட் கிழிந்தால் தண்ணீர் உள்ளே போய் எரிந்து விடும். அல்லது ஆயிலில் கலக்கும்.

சைலன்சரில் என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெளுத்த பசை, ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழி இவை அடையாளங்கள். அப்படி இருந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். ஹெட்டை இறக்கி, வளைந்திருந்தால் லேத் பட்டறையில் பேசிங் பிடித்து, புது கேஸ்கட் போட வேண்டும். 'தண்ணி ஊத்திக்கிட்டே ஓட்டலாம்' என்று இழுத்தடித்த பல கார்கள் வந்து நிற்கும் இடம் இதுதான்.

வாங்கும் முன்பே பார்த்து விடுங்கள்

பழைய கார் பார்க்கப் போகும்போது 'வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க' என்று முன்கூட்டியே சொல்லி விடுங்கள். ஏற்கனவே சூடேற்றி வைத்திருந்தால் மூடியைத் திறந்து பார்க்க முடியாது.

ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி இருந்தாலோ, மேலே எண்ணெய் மிதந்தாலோ யோசியுங்கள். ஆயில் மூடியையும் பாருங்கள். பிறகு ஏ.சி. போட்டு, டிராபிக் உள்ள ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். முள் நடுவிலேயே நிற்க வேண்டும். இறங்கியதும் கீழே சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

'அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், வெயில்ல எல்லா வண்டியும் ஹீட் ஆகும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சென்னையில் 2003-ம் ஆண்டு மே மாத கடைசியில் வெயில் 45 டிகிரி செல்சியஸ், அதாவது 113 டிகிரி பாரன்ஹீட்டை தொட்டது. என்ஜின் வழக்கமாக ஓடும் சூட்டில் இது பாதிதான். கூலிங் நல்ல நிலையில் இருக்கும் கார் அக்னி நட்சத்திரத்திலும் முள் அசையாமல் ஓடும்.

ஏற்காட்டில் 20, வால்பாறையில் 40, கொல்லிமலையில் 70 என்று கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. லீவுக்கு குடும்பத்தோடு கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் செலவழியுங்கள். தண்ணீர் லெவல், ஹோஸ், கிளிப், மூடி, பேன். இந்த ஐந்தையும் பார்த்து விட்டால் மலைப்பாதையில் குடும்பத்தோடு தவிக்க வேண்டியது இல்லை.